சூரை மீன் வந்த வழி

செவ்வாய்க்கிழமை மதியம். பாளையங்கோட்டையில் ஒரு முதியோர் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடம். இரண்டாம் தடவை மீன்குழம்பு கேட்டுக் கை நீட்டிய தேவசிகாமணி வாத்தியார், நீட்டிய கையோடு மேசைமேல் சாய்ந்தார். எண்பது வயதிலும் மீன் என்றால் முதல் ஆளாய் வந்து உட்காருகிற மனிதர். முகம் முழுக்க ரத்தச் சிவப்பு. அவரைத் தாங்கிப் பிடிக்க எழுந்தவர்களுக்கும் தலை சுற்றியது, உடம்பு அரித்தது, நெஞ்சு படபடத்தது. கொஞ்ச நேரத்தில் கூடமே வாந்தியும் அலறலுமாகிவிட்டது.

மற்றவர்களை ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள். ஏற்கெனவே இருதயம் பழுதுபட்டிருந்த வாத்தியாரைக் காப்பாற்ற முடியவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் நித்யா சுறுசுறுப்புக்குப் பேர்போனவர். சாயங்காலத்துக்குள் சமையல்காரி சாரம்மாளைக் கொண்டுவந்து ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார். காரணம் இல்லாமல் இல்லை. அன்று காலையில்தான் காபியில் சர்க்கரை இல்லை என்று வாத்தியார் சத்தம் போட்டிருந்தார். சாரம்மாளும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. "ஒரு நாளைக்கு எங் கையால வாங்கிக் கட்டப் போறேரு, பாத்துக்கிடும்" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தியிருந்தாள். சாமான் அறையில் எலிமருந்துப் பொட்டலம் ஒன்று பிரித்தபடி கிடந்தது. போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

மீன் கொடுத்தது 'அலைவாசல்' என்கிற புதுக் கம்பெனி. குலசேகரன்பட்டினம் கடற்கரையில் மீன் எடுத்து, மறுநாள் காலையில் திருநெல்வேலிச் சமையலறைகளுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற தொழில். அன்று வந்தது மூன்றாவது லோடு, சூரை மீன். முதலாளி, கணக்கப்பிள்ளை, பெட்டி கழுவுகிற ஆள் எல்லாமே மேலப்பாளையத்து ஃபஹ்மிதா ஒருத்திதான். வண்டி ஓட்டுவது அவளுடைய வாப்பா பீர் முகம்மது. உம்மா போய்ச் சேர்ந்தபின் வீட்டிலும் இவர்கள் இரண்டே பேர்.

"உங்க மேல ஒண்ணும் இல்லம்மா. பெட்டி திறந்தப்ப நல்ல ஜில்லுன்னு இருந்திருக்கு. செவுள் செவப்பா இருந்துச்சுன்னு வார்டனே சொல்லிட்டாரு. நீங்க வீட்டுக்குப் போலாம்" என்றார் நித்யா, விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வந்திருந்த ஃபஹ்மிதாவிடம்.

வேறு யாராக இருந்தாலும் விட்டால் போதும் என்று ஓடியிருப்பார்கள். ஃபஹ்மிதாவின் கால் நகரவில்லை. ஊரில் ஒரு சமையலறையும் அவளை உள்ளே விடாதபோது, "இந்தப் புள்ளைகிட்ட வாங்குங்க சார், கெட்டுப்போச்சுன்னா என் சம்பளத்துல புடிச்சுக்கிடுங்க" என்று வார்டனிடம் மல்லுக்கு நின்றவள் சாரம்மாள். அவளை அந்த பெஞ்சில் விட்டுவிட்டு எப்படிப் போவது?

"மேடம், அக்காகிட்ட கொஞ்சம் பேசிக்கிடட்டுமா?"

"பேசுங்க. நானும் இருப்பேன்."

சாரம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மீன் எப்ப வந்துச்சுக்கா?"

"வெயில் ஏறுததுக்கு முன்னால ஒங்க வாப்பா கொண்டாந்துட்டாவ."

"வாங்கி எங்க வச்சிருந்தீங்க?"

"எங்கன வைக்க? அப்பமே அறுத்துக் கழுவி அடுப்புல ஏத்திட்டேன். ஆறுன கொழம்புதான ருசி?"

"எல்லாரும் குழம்பா சாப்ட்டாங்க?"

"ஃபெபி டீச்சருக்கு வயித்துப்புண்ணு. அவங்களுக்கு மட்டும் மஞ்சளும் உப்பும் தடவி ஒரு துண்டு பொரிச்சேன். அவங்களுக்கும்லா சீக்கு வந்துட்டு!"

"மீன் சாப்பிடாதவங்க?"

"முட்ட வாங்குனாங்க. அதே சோறு, அதே ரசம். குத்துக்கல்லாட்டம் இருக்காங்க."

"பெட்டியில ஐஸ் இருந்துச்சா?"

"நெறைய. வளையல் கணக்கா நடுவுல ஓட்ட போட்ட ஐஸு. வேப்பமரத்து மூட்டுல கொட்டுனேன்." சாரம்மாள் ஃபஹ்மிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாத்தியாருக்குத் தலத்துண்டு புடிக்கும்னு எடுத்து வச்சதே நாந்தான். நான் போயி விஷம் வைப்பனாம்மா?"

அங்கிருந்து ஃபஹ்மிதா நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். வயசானவர்கள் வரிசையாகக் கட்டிலில் கிடந்தார்கள். டியூட்டி டாக்டர் தாழ்வாரத்தில் நின்றபடியே பேசினார்.

"வெளியேருந்து போட்ட விஷம் மாதிரி எனக்குத் தெரியலம்மா. அலர்ஜிக்குப் போடுத ஊசியப் போட்டதும் எல்லாருக்கும் தணிஞ்சிட்டு. சூரை, அயிலை, சாளை மாதிரி மீன் சூட்டுல பல மணி நேரம் கெடந்தா, அதுக்குள்ளயே ஒரு நஞ்சு ஊறும். வாடை வரணும்னு இல்ல. வேக வச்சாலும் போகாது, திரும்ப ஐஸ்ல வச்சாலும் போகாது."

"சமையக்கட்டுல வச்சு ஊறியிருக்குமா டாக்டர்?"

"வந்த கையோட அடுப்புல ஏத்துனதா சொல்லுதாங்க. அப்படின்னா முன்னாலயே ஊறியிருக்கணும். லேப்ல இருந்து ரிப்போர்ட் வரட்டும். அதுக்கு ரொம்ப நாளாகும்."

அத்தனை நாளும் சாரம்மாள் உள்ளே இருப்பாள். ஃபஹ்மிதா வாயைத் திறக்காவிட்டால் கம்பெனி தப்பும். திறந்தால், கடற்கரைக்கும் சமையலறை வாசலுக்கும் நடுவில்தான் கொலை நடந்தது என்று அவளே சொன்னதாகும். அந்த நடுவில் இருப்பவர்கள் எல்லாருமே அவளுடைய மனிதர்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒரு டீ வாங்கி, குடிக்காமலே வைத்துவிட்டு நடந்தாள்.

மறுநாள் காலை, வண்ணார்பேட்டை. புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு வழிகாட்டுகிற மையம் அங்கே ஒரு மாடியில் இருக்கிறது. பஸ் இரைச்சலுக்குப் பயந்து ஜன்னலை எப்போதும் அடைத்தே வைத்திருப்பார்கள். அங்கே பயிற்சி கொடுக்கிற கணேஷ்ராம், ஃபஹ்மிதாவோடு கல்லூரியில் படித்தவன். கனவோடு மட்டும் வருகிறவர்களை அவன் சுவருக்கு முன்னால் நிறுத்திவிடுவான்.

பெரிய பழுப்புத் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, அதில் அட்டைகளை ஒட்ட வேண்டும். எதற்காக இந்தத் தொழில் என்பது மஞ்சள். அதற்குச் செய்ய வேண்டிய வேலைகள் பச்சை. ஒவ்வொரு வேலைக்கும் கீழே அதைச் செய்கிற ஆள், ரோஸ். அந்த ஆளுக்குத் தேவையான சாமான், நீலம். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி. ஆள் இல்லாத வேலையும் இருக்கக் கூடாது, கேட்காமல் ஒருவர் பெயரை ஒட்டவும் கூடாது. அந்தந்த ஆளே வந்து, "இதை நான் செய்வேன், எனக்கு இன்னது வேண்டும்" என்று வாயால் சொல்லி ஒட்ட வேண்டும். இத்தனையும் ஒட்டி முடித்தபிறகு பாதிப் பேருடைய கனவு ஓடிப்போகும். மிச்சமிருப்பவர்களுக்குத்தான் தொழில்.

தொழில் தொடங்குமுன் அப்படி ஒட்டியதில் ஃபஹ்மிதாவின் கனவு ஓடாமல் நின்றது. கடற்கரையில் ஐஸ் போட்டு மீன் ஏற்றுவது அசன் மைதீன். அந்தியில் கிளம்பி வண்டியை மேலப்பாளையம் ஷெட்டுக்குக் கொண்டுவந்து, ராத்திரி முழுக்கக் கரண்ட் கொடுத்துக் குளிரில் வைப்பது பீர் முகம்மது. ஓடும்போது என்ஜின் குளிரூட்டும், நின்றால் கரண்ட் குளிரூட்டும். ஆகவே ஐஸ் கொஞ்சம் போதும், அந்த இடத்தில் கூடுதல் மீன் ஏற்றலாம். பெட்டிக்குப் பூட்டு, சாவி வாப்பாவிடம். "எனக்கு என்ன வேணும்? ஸ்டியரிங் இருந்தாப் போதும்லே" என்று சொல்லி, முப்பது வருஷம் லாரி ஓட்டிய பீர் முகம்மது கணேஷ்ராம் முதுகில் தட்டிவிட்டுத் தன் அட்டையை ஒட்டியிருந்தார். இவர் வர முடியாவிட்டால் யார் என்று அவன் கேட்டதற்கு, வாப்பாவுக்கு என்ன வரப்போகிறது என்று ஃபஹ்மிதா சிரித்திருந்தாள்.

இப்போது அவள் சிரிக்கவில்லை. கணேஷ்ராம் ஒரு கட்டு அட்டையை அவள் கையில் கொடுத்தான்.

"இது நடக்கணும்னு நாம ஆசப்பட்ட படம் ஃபஹ்மிதா. நடந்தத இதுக்குக் கீழ ஒட்டு. ஆள் ஆளாக் கேளு. ரெண்டும் எங்கன பிரியுதோ அங்கன நில்லு."

அவள் முதலில் கடற்கரைக்குப் போன் போட்டாள்.

"சாச்சா, திங்கக்கெழம என்ன ஐஸ் போட்டீங்க?"

"எப்பவும் போடுததுதான். பாளம் பாளமா இருக்க பார் ஐஸ வாங்கிக் கட்டையால ஒடச்சிப் போட்டேன்" என்றார் அசன் மைதீன்.

"ஓட்டை போட்ட ஐஸ் உங்ககிட்ட உண்டா?"

"அது கல்யாண வீட்டுக்கும் ஜூஸ் கடைக்கும் வாங்குத குழாய் ஐஸுல்லா? கடக்கரையில ஏது?"

"மீன் எப்படி இருந்துச்சு?"

"துள்ளத் துடிக்க இருந்துச்சு. நானே பெட்டிய அடச்சேன். மொத ரெண்டு லோடுக்கும் மாதிரி நானும் கூட வந்திருந்தா நல்லது பொல்லது தெரிஞ்சிருக்கும். அன்னைக்கின்னு பாத்து மச்சான் வீட்டு விசேஷம் வந்துட்டு."

"நீங்க கூட வந்தீங்களா? எதுக்கு?"

"பேச்சுத் துணைக்கு வாருமேன்னு பீர் அண்ணந்தான் கூப்ட்டாவ. பேசிக்கிட்டே போயி, மேலப்பாளையத்துல எறங்கி, கடைசி பஸ்ஸப் புடிச்சுத் திரும்பிருவேன்."

போனை வைத்துவிட்டு ஃபஹ்மிதா சுவரைப் பார்த்தாள். வண்டியில் இரண்டாவது ஆள் என்று ஓர் அட்டையும் அதில் இல்லை. முப்பது வருஷம் தனியாகவே பம்பாய் வரைக்கும் லாரி ஓட்டிய மனுஷனுக்கு, கூப்பிடு தூரத்தில் இருக்கிற குலசேகரன்பட்டினம் ரோட்டில் எதற்குப் பேச்சுத் துணை?

மதியம் வீட்டுக்குப் போனாள். பீர் முகம்மது சோறு வடித்து, ரசம் வைத்து, மகளுக்காகக் காத்திருந்தார். சமையல்கட்டில் எப்போதும் அரை இருட்டுதான். தரையில் இருந்த தண்ணீர்ச் செம்பை அவர் துழாவ, பேசிக்கொண்டே அவள் அதை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"சாரம்மாள விட்டுட்டாங்களாம்மா?"

"இல்ல வாப்பா."

"பாவம், நல்ல பொம்பள. நம்ம மீனு நல்லாத்தான இருந்துச்சு? பொறவு எதுக்குப் போட்டுப் பாடாப்படுத்துதாங்க?" அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"வாப்பா, வழியில எங்கயாச்சும் ஐஸ் மாத்துனீங்களா?"

"இல்லையே. அசன் போட்ட ஐஸ்தான்."

"நேரா ஷெட்டுக்கு வந்துட்டீங்க?"

"அதான் ராத்திரியே போன்ல சொன்னேம்லா? வண்டியக் கரண்ட்ல போட்டுட்டு அங்கனயே படுத்துட்டேன்னு."

மதியத் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். அவர் கை கழுவிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினார். வெயிலில் விறுவிறுவென்று நடந்து போகிற வாப்பாவை அவள் வாசலில் நின்று பார்த்தாள். லுஹருக்கும் அசருக்கும் தவறாமல் பள்ளிக்குப் போகிற இவர், கொஞ்ச காலமாக ராத்திரித் தொழுகையான இஷாவை மட்டும் வீட்டிலேயே தொழுகிறார். கேட்டால் முட்டு வலி என்பார். முட்டு வலி வெயிலில் வராதா? வேறு ஏதாவது பதில் கிடைக்காதா என்று எத்தனையோ விதமாய் யோசித்துப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

சாயங்காலம் அதே மாடி அறையில் ஐந்து பேர். ஃபஹ்மிதா போன் போட்டுக் கூப்பிட்டதால் வந்திருந்த நித்யா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் அழுது வீங்கிய முகத்தோடு சாரம்மாள். அடைத்த ஜன்னல் பக்கம் பீர் முகம்மது. கதவோரம் கணேஷ்ராம். சுவரில் இப்போது இரண்டு வரிசை அட்டைகள்.

"சொல்லுங்கம்மா, டியூட்டிக்கு நேரமாச்சு" என்றார் நித்யா.

"மேல இருக்கது நடக்க வேண்டியது மேடம். கீழ இருக்கது நடந்தது." அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "குழம்பு சாப்பிட்டவங்களுக்கும் சீக்கு. தனியாப் பொரிச்ச துண்டு சாப்பிட்டவங்களுக்கும் சீக்கு. முட்டை சாப்பிட்டவங்களுக்கு ஒண்ணும் இல்ல. குழம்புக்கும் பொரியலுக்கும் பொதுவா இருந்தது மீன் மட்டும்தான்."

"மீனை அறுக்கும்போதே இந்தம்மா மருந்து தடவியிருக்கலாமே?"

"தடவலன்னு டாக்டரே சொல்லுவாரு, கேட்டுப் பாருங்க. மீன் பல மணி நேரம் சூட்டுல கெடந்து உள்ளுக்குள்ளயே நஞ்சு ஊறியிருக்கு. பாத்தா தெரியாது, வேக வச்சாலும் போகாது. அக்கா வந்த கையோட அடுப்புல ஏத்திட்டாங்க. அது ஊறுததுக்கு அவங்ககிட்ட நேரமே இல்ல."

"ஆனா பெட்டி ஜில்லுன்னு இருந்துச்சே?"

"அதான் மேடம், எல்லாரும் அந்த ஜில்லப் பாத்தோம். ஐஸப் பாக்கல. கடற்கரையில போட்டது ஒடச்ச பார் ஐஸ். சமையக்கட்டுல கொட்டுனது நடுவுல ஓட்டை இருக்க குழாய் ஐஸ். வழியில யாரோ பெட்டியத் திறந்து வேற ஐஸ் போட்டிருக்காங்க. முதல்ல போட்டது உருகாம எதுக்கு வேற போடணும்? வண்டி ராத்திரி ஷெட்டுக்கு வந்திருந்தா அது எப்படி உருகும்?"

சாவி யாரிடம் என்று நித்யா கேட்கவில்லை. அவர் பார்வை ஏற்கெனவே ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

பீர் முகம்மது மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஃபஹ்மி, அப்ப... மீனுதானா? மீனாலதான் வாத்தியாரு செத்தாரா?"

"ஆமா வாப்பா."

"நான் மோந்து பாத்தேனேம்மா. வாடையே இல்லையே."

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. சுவர் ஓரமாக நடந்து போய் விளக்கு சுவிட்ச்மேல் கை வைத்தாள். ஜன்னல் அடைத்த அறை. அணைத்துவிட்டு, "வாப்பா, உங்க அட்டையை எடுத்துத் தாங்க" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், எல்லாருக்கும் தெரிந்துவிடும். விரல் அசைய மறுத்தது. பெற்றவரை நாலு பேர் முன்னால் இருட்டில் தடவ விடுவதா?

"அணைக்காண்டாம்மா" என்றார் பீர் முகம்மது. "நானே சொல்லுதேன்."

அவர் எழுந்து நின்றார். "ஒரு வருசமா பொழுது மசங்குனா எனக்குக் கண்ணு தெரியல மேடம். பகல்ல ஒரு கொறையும் இல்ல. மொத ரெண்டு தரம் அசன் பக்கத்துல இருந்தான். பேச்சோட பேச்சா, 'அங்கன என்னலே வருது, இங்கன என்னலே நிக்கி'ன்னு கேட்டுக்கிட்டே ஓட்டிட்டேன். அவனுக்கே தெரியாது. அன்னைக்கு அவன் வரல. ஆழ்வார்திருநகரி தாண்டி ஒரு சைக்கிளு. மூஞ்சிக்கு நேர வந்த பொறவுதான் தெரிஞ்சுது. அல்லா காப்பாத்துனான். அதுக்கு மேல காலு ஆக்சிலேட்டர்ல நிக்கல. ஆத்தோரம் ஒதுக்கிப் போட்டுட்டேன்."

"என்ஜினை ஏன் நிறுத்துனீங்க?" நித்யா கேட்டார்.

"ஓடிக்கிட்டே நின்னா யாராவது வந்து என்ன ஏதுன்னு கேப்பாங்கள்லா? கண்ணு தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. புள்ளைக்குப் போன் போட்டு வந்துட்டேன்னு சொல்லிட்டேன். விடிஞ்சு திறந்து பாத்தா பெட்டி பூரா தண்ணி. மீனு மட்டும் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. செய்துங்கநல்லூர் பக்கம் ஒரு கம்பெனியில ஐஸ் வாங்கிப் போட்டேன். திரும்பக் குளுந்துட்டா சரியாப் போயிரும்னு நெனச்சேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே வாப்பா." ஃபஹ்மிதா சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள்.

"எப்பிடிச் சொல்லுவேன்? சம்பளத்துக்கு டிரைவர் போட்டா இந்தத் தொழில் நிக்காதுன்னு நீதானம்மா இதே சுவத்துல காட்டுன? வாப்பா சும்மா ஓட்டுததாலதான் இது ஓடுதுன்னு சொல்லிச் சிரிச்சியே. எம் பேர எடுத்துட்டா ஒனக்கு என்ன மிஞ்சும்னு நெனச்சேன்."

கணேஷ்ராம் தலையைக் குனிந்துகொண்டான். அந்தச் சுவரில் லாபம் என்று இருந்ததெல்லாம் ஒரு மனிதருடைய இருட்டில் தெரியாத கண்ணை நம்பி இருந்திருக்கிறது. ஃபஹ்மிதாவுக்கு அது அப்போதுதான் உறைத்தது. உறைத்து என்ன ஆக?

சாரம்மாள் எழுந்து பீர் முகம்மது பக்கம் போனாள். திட்டப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு போன் போட்டிருக்கப் பிடாதா? இன்னைக்கு மீன் இல்லன்னு சொல்லியிருந்தா, கருவாட்ட வச்சு ஒப்பேத்தியிருப்பேனே. வாத்தியாரு ரெண்டு வசவு வஞ்சிட்டுத் தின்னுட்டுப் போயிருப்பாரே" என்று அவள் கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள்.

நித்யா தொப்பியை எடுத்துக்கொண்டார். சாரம்மாளைப் பார்த்து, "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்றார். பிறகு பீர் முகம்மதுவிடம் கொஞ்சம் தணிந்த குரலில் பேசினார். "வேணும்னு செய்யலன்னு எழுதுறேன் பாய். ஆனா ஒரு உசுரு போயிருக்கு. மறைச்சிருக்கீங்க. நீங்க வரணும்."

"வாரேன் மேடம். வராம எங்க போவேன்?"

கீழே இறங்கினார்கள். மாடிப்படியில் கணேஷ்ராம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். வெளியே பொழுது சாய்ந்திருந்தது. தெருவிளக்கு இன்னும் போடவில்லை. போலீஸ் ஜீப், பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. அதன் கதவோரம் ஃபஹ்மிதா முன்னாலேயே போய் நின்றாள். மாடியில் இவ்வளவு நேரமும் அடக்கி வைத்த அழுகை இப்போது அடங்கவில்லை. கண்ணீர் தாடையில் இறங்கி, கழுத்தில் இறங்கி, துப்பட்டாவை நனைத்தது. சத்தம் மட்டும் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பீர் முகம்மது அவளுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றார். அவள் நின்ற பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"ஃபஹ்மி, இங்கனதான் நிக்கியா?"

"நிக்கேன் வாப்பா."

"நல்ல வேள, நீ அழல." அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "நீ அழுதா எனக்குத் தாங்காது. எம் புள்ளைக்கு மனசு கெட்டி."

அவள் அவருடைய கையைப் பிடித்து ஜீப் கதவின் கம்பியில் வைத்தாள். படி எங்கே இருக்கிறது என்று காலுக்கும் காட்டிக் கொடுத்தாள்.

"ஆமா வாப்பா, அழல" என்றாள்.